பூசணிக்காய்க்கு இட்ட பொட்டு

தம்பி,

உக்ரைனில் அணு உலை வெடித்த வருடம் அது. உலகக் கிண்ணப் பந்து விளையாட்டில் ஜெர்மனிக்காரர் கடைசி ஆட்டத்தில் தோற்று, எங்கள் அகதி முகாம் காவலாளி இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்காமல் திரிந்ததும் அதே வருடம்தான். கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி ரயிலேறி மேற்கே வந்துவிடுகிற வழியை அந்த இலையுதிர் காலத்தில் அடைத்துவிட்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே நீயும் உன் அம்மாவும் அப்பா நானும் அந்த வழியால் வந்து சேர்ந்திருந்தோம். உனக்கு அப்போது நாலு வயது. வருடத்தின் இலக்கத்தை யாராவது சொன்னால் எனக்கு விளங்கும், தாளில் எழுதிக் காட்டினால் தெரியாது. அதனால் எதையும் அந்த நேரம் உலகத்தில் வேறென்ன நடந்தது என்பதோடு சேர்த்து முடிந்துதான் வைத்திருக்கிறேன். அப்படி முடிந்து வைத்தது ஒன்றும் இதுவரை அவிழ்ந்து போனதில்லை.

நான் சொல்லச் சொல்ல நடராசா மாஸ்ரர் எழுதுகிறார். என் பேச்சை அவர் எழுத்துத் தமிழாக்குகிறார், ஆனால் விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். டோர்ட்மண்ட் தமிழ்க் கடைகளில் மாதாமாதம் கிடக்கிற அவருடைய பத்திரிகையில் இது வரும். உனக்கு அதற்கு முன்பே தபாலில் வந்துவிடும். "வீட்டுக் கதையை ஏன் அண்ணை பேப்பரிலை போடுறியள், ஃபோனிலை கதைச்சு முடியுங்கோவன்" என்று மாஸ்ரர் கேட்டார். ஃபோனில் நீ "மருந்து போட்டனீங்களோ அப்பா?" என்று கேட்கிறாய், நான் "ஓம்" என்கிறேன், அதோடு முடிந்து விடுகிறது. மூன்று கிழமையாக இதுதான் எங்கள் பேச்சு. அத்தோடு, அன்றைக்கு உன் வீட்டில் நான் சொன்ன சொல்லை பத்துப் பன்னிரண்டு பேர் இருந்து கேட்டார்கள். அவர்களும் இதைக் கேட்க வேண்டும்.

முகாம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு பழைய பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறையை அலுமாரிகளால் மறித்து நாலு குடும்பம் இருந்தோம். எங்கள் பங்குக்கு ஒரு ஜன்னல் கிடைத்திருந்தது, அதில் அம்மாவுக்குப் பெரிய பெருமை. அசைலம் என்கிற அகதித் தஞ்சம் கிடைக்கும்வரை வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. நான் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்ப்பேன், அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையால் நடப்பாள். இந்த நாட்டுக்காரர் இலை பழுக்கிற காலத்தில் வாசற்கதவில் இலை வளையம் கட்டுவதையும் படிகளில் பூசணிக்காய் அடுக்குவதையும் பார்த்து வந்து எனக்குச் சொல்லுவாள். "கொட்டுண்ட குப்பையை எடுத்துக் கதவிலை கட்டுதுகள், என்ன வடிவெண்டு தெரியுமே!" என்பாள். எங்களுக்கு வாசலில் கட்டுவது என்றால் பச்சை மாவிலை. சருகைக் கட்டுவதை நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு நாள் நான் வெளியே போய்த் திரும்பி வந்தபோது ஜன்னலில் ஒரு மயில் நின்றது. சிவப்பு, மஞ்சள், பாதி பச்சை என்று மேப்பிள் இலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டித் தோகை செய்திருந்தாள். பசை வாங்கக் கடைக்குப் போகவில்லை, மத்தியானச் சோற்றை மசித்து ஒட்டியிருந்தாள். கழுத்து, கடை விளம்பரத் தாளில் இருந்து வெட்டிய ஒரு கத்தரிக்காய்ப் படம். கண் ஒரு கஸ்தானியன் கொட்டை, அந்த மரக்கலர் பளபளப்பான, தின்ன முடியாத கொட்டை. வெயில் பின்னால் இருந்து அடித்து, அறை முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. அலுமாரிக்கு அந்தப் பக்கம் இருந்த மணியண்ணையின் பெண்சாதி கூட எட்டிப் பார்த்து, "உவள் அசைலம் கேக்க வந்தவளோ, சாமி சோடிக்க வந்தவளோ" என்று சிரித்தாள். நீ சோற்றுக் கையோடு ஓடிவந்து, "அப்பா, வாலிலை கடைசி இலை நான் வைச்சது" என்றாய்.

நான் அந்த மயிலை ஒரே இழுவையில் கிழித்தேன். "இலையெல்லாம் நஞ்சு. உக்ரைன் நஞ்சு காத்திலை வந்து இலையிலை இருக்கு. காளான் பொறுக்காதையுங்கோ எண்டு ரீவியிலை சொல்லுறான், உனக்குக் காது கேக்கேல்லையோ? பிள்ளையைக் கொல்லப் போறியோ?" என்று கத்தினேன். அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. உன்னைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். உன் கைகளை உடுப்புச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள், திரும்பத் திரும்பத் தேய்த்தாள், தோல் சிவந்து நீ கத்தினபோதும் விடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள், வீட்டுக்குள் வந்தால் ஒருவரும் சொல்லாமலே நீ கை கழுவப் போவாய். ஒரு இலை சட்டையில் ஒட்டியிருந்தாலும் அழுவாய். அதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

தம்பி, இலையில் நஞ்சு இருக்கிறதென்று நான் நம்பியிருக்கவில்லை. அன்று காலமைதான் எனக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. மணியண்ணை மாடிப்படியில் வைத்து வாசித்துச் சொன்னார். உன் சித்தப்பன் கணேசனைச் சந்தியில் வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்றும், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது என்றும் இருந்தது. மணியண்ணையிடம் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னால் அழுதுவிடுவேன். நாலு குடும்பம் புழங்குகிற அறையில், ஒரு அலுமாரி மறைப்பில் அழ எனக்கு வெட்கமாக இருந்தது. வாய்க்கால் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன். வந்தால், சாவுத் தீட்டு உள்ள துடக்கு வீட்டில் சோடனை. அவளுக்குத் துடக்கு என்றே தெரியாது. தெரியாமல் செய்தவளிடம் காரணத்தைச் சொல்லத் தைரியமில்லாமல், வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். இவ்வளவுதான் நடந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு தெரிந்தது. அந்தமுறை கடிதம் அவளுடைய பெயருக்கு வந்தது. அவள் படித்தவள், தானே வாசித்தாள். கடிதத்தைப் பிடித்தபடி வந்து நின்று, "இவ்வளவு நாளும் தெரிஞ்சுகொண்டோ இருந்தனீங்கள்?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். கடிதத்தை மடித்தாள். "அப்ப இலையிலை நஞ்சில்லை?" "ஆருக்குத் தெரியும்" என்றேன். அவள் போய் முழுகிவிட்டு வந்து கணேசனுக்காக அழுதாள். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஒரு இலை கொண்டு வரவும் இல்லை. முகாம் விட்டு டோர்ட்மண்டில் வீடு கிடைத்து, திரைச்சீலை வாங்கி, சோபா வாங்கி, எல்லாரையும் போல இருந்தோம். இலை பழுக்கிற காலத்தில் எங்கள் ஜன்னல் மட்டும் வெறுமையாக இருக்கும். அவளுக்கு அந்த ஆசை விட்டுப் போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி உன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அம்மா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. தனியாக இருக்காதீர்கள் என்று நீ ரயில் ரிக்கற் அனுப்பினாய். கார்ல்ஸ்ரூஹே ஸ்டேஷனில் வந்து ஏற்றினாய். வீட்டு வாசலில் மருமகள் பிரியா நின்று, தன் திருச்சிப் பேச்சில், "வாங்க மாமா, மொதல்ல ஷூவைக் கழட்டுங்க, அப்புறம் கண்ணை மூடிக்கங்க, உங்க பேத்தியும் அவ அப்பாவும் ரெண்டு வாரமா யாரையும் அந்த ரூமுக்குள்ள விடல" என்றாள். உள்ளே உன் வேலைத்தலத்து ஆட்களும், பேத்தி மீராவின் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் குடும்பங்களும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். மீரா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அப்பப்பா, கண்டுபிடியுங்கோ, இது ஆர்?"

ஜன்னல் முழுவதும் இலைக்கொடி. அதன் கீழ் அம்மாவின் செம்மண் நிறச் சேலையை மடித்து விரித்து, அதன் மேல் பூசணிக்காய்கள் இருந்தன. நடுவில் இருந்த பெரிய காய்க்கு நெற்றியில் சிவப்புப் பொட்டு. இரண்டு பக்கமும் கஸ்தானியன் கொட்டைத் தோடு. காட்டு ரோசாப் பழத்தில் கோத்த மாலை. தலையில் அம்மாவின் நீலக் கம்பளித் தொப்பி, விடியற்காலையில் வேலைக்குப் போகும்போது அவள் போடுகிற அதே தொப்பி. எங்கள் ஆட்கள் பூசணிக்காய்க்கு முகம் வரைவது கண்ணூறு திருஷ்டி கழிக்க, புது வீட்டில் கட்டித் தூக்க, கடைசியில் சந்தியில் போட்டு உடைக்க. "அம்மா செத்து வருசம் திரும்பேல்லை. திவசம் முடியேல்லை. செத்த வீட்டிலை சோடினை செய்து, பெத்த தாயைப் பூசினிக்காய் ஆக்கி வைச்சுச் சிரிக்கிறியோ? நீயும் ஒரு பிள்ளையோ?" என்று கேட்டேன். அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டேன். பிறகு அந்தக் காயைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன், தொப்பியோடு போட்டேன். மீரா காலில் சப்பாத்து இல்லாமல் பின்னால் ஓடி வந்தாள். "அப்பப்பா, அது அப்பம்மா! அப்பம்மாவை எடுங்கோ!" என்று கத்தினாள்.

நீ ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் அரைச் சாப்பாட்டில் எழும்பிப் போனபோதும் சொல்லவில்லை. எல்லா இலையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பெட்டிக்குள் வைத்தாய். அடுத்த நாள் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, ரயில் வரும்வரை பக்கத்தில் நின்று, "கவனமாப் போங்கோ" என்றாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான், இது அம்மாவிடமிருந்து வந்தது. கோபம் வந்தால் கேள். அன்றைக்கே கேள். என்னைப்போலக் கத்தாதே, அம்மாவைப்போல முப்பது வருடம் விழுங்காமலும் இரு. இரண்டாலும் ஒரு வீடு எப்படி ஆகும் என்று நீ பார்த்து வளர்ந்தவன்.

போன கிழமை பிரியாவுக்கு ஃபோன் எடுத்தேன். "மாமா, உங்கமேல எனக்கும் கோவம்தான், சொல்லிடறேன்" என்றாள். சொன்னது நல்லது. மீரா இப்போது படம் ஒன்றும் கீறுவதில்லையாம். பள்ளிக்கூடத்தில் இலை ஒட்டச் சொன்னால் மாட்டேன் என்கிறாளாம். பிறகு பிரியா இன்னொன்றும் சொன்னாள். அன்று கதவுக்குப் பின்னால் எனக்கென்றும் ஒரு காய் ஒளித்து வைத்திருந்ததாம், சோளப் பொத்தி நாரில் மீசை வைத்து. அம்மாவைக் கண்டுபிடித்த பிறகு என்னைக் காட்டுவதாக இருந்ததாம். "இவருக்கு அதுல எதுவும் வெளையாட்டு இல்ல மாமா. அந்தத் தொப்பியை வைக்கும்போது அழுதுட்டே வெச்சார்" என்றாள். நான் ஃபோனை வைத்துவிட்டேன். அவளுக்கு மரியாதையில்லாமல் நடந்துகொண்டேன், அதையும் சொல்லிவிடு.

அதற்கு இரண்டு நாள் கழித்து மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண் பிள்ளை. அம்மா பதினொரு வருடம் துப்புரவு வேலை செய்த கிண்டர்கார்டனில் இருந்து வந்திருந்தாள். இப்போதைய ரீச்சர், அம்மா அங்கே இருந்த காலத்தில் இவள் பிறந்திருக்கவே மாட்டாள். கட்டடத்தைத் திருத்துகிறார்களாம், அலுமாரியில் ஒரு பெட்டி நிறையப் புகைப்படங்கள் கிடைத்ததாம், பின்னால் எங்கள் வீட்டுப் பெயர் எழுதியிருந்ததாம். மேசையில் பரப்பினாள். ஒவ்வொரு படத்திலும் அந்தக் கிண்டர்கார்டன் ஜன்னல். ஒரு வருடம் இலையில் யானை, ஒரு வருடம் மீன், ஒரு வருடம் இரட்டை மாட்டு வண்டில். அம்மா கதிரையில் ஏறி நிற்கிறாள், நீ கீழே நின்று இலை எடுத்துக் கொடுக்கிறாய். படத்துக்குப் படம் நீ வளருகிறாய். ஒன்றில் முன்பல் இல்லை. ஒன்றில் மீசை அரும்பியிருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு நீ அம்மாவுக்கு நிலம் துடைக்க உதவி செய்யப் போகிறாய் என்றுதான் எனக்குச் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் உன்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் நகத்துக்குள் இருந்த மண்ணிறத்தைத் தேய்த்துக் கழுவுவாள், நான் அழுக்கு என்று நினைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் என்னிடமிருந்து ஒளித்தது நிலம் துடைக்கிற அழுக்கையல்ல, இலைக் கறையை. அப்பாவைப் பொய்யன் என்று பிள்ளைக்குக் காட்டாமல், பிள்ளைக்கு இலையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று காட்ட அவளுக்கு ஒரு இடம் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு அவள் அடுத்தவன் ஜன்னலைத் தேடிப் போயிருக்கிறாள்.

ஒரு படத்தில் ஜன்னல் கட்டில் கஸ்தானியன் கொட்டையில் செய்த ஆட்கள், பல்லுக்குத்துகிற குச்சியில் கைகால். நடுவில் ஒருவனுக்குப் பெரிய வயிறு, தும்பில் மீசை, இரண்டு கையும் மேலே. படத்தின் பின்னால் அந்தக் காலத்துத் தலைமை ரீச்சர் ஹில்டா ஏதோ எழுதியிருந்தார். வாசிக்கச் சொன்னேன். பெண் பிள்ளை வாசித்துவிட்டு, சொல்லலாமோ என்பது போல என்னைப் பார்த்தாள். "சொல்லு" என்றேன். "இது என் கணவர், ஏசும்போது" என்று அம்மா சொன்னதாகவும், எல்லாரும் வயிறு நோகச் சிரித்ததாகவும் எழுதியிருந்ததாம். பக்கத்தில் இருந்த சின்னக் கொட்டை நீயாம். தலையில் துணித் தொப்பி போட்ட கொட்டை அம்மா, தன்னைத்தான் எல்லாரிலும் நல்ல வடிவாகச் செய்திருந்தாள். நானும் சிரித்தேன் தம்பி. அம்மா போன பிறகு முதல் தடவை சிரித்தேன். பிறகு அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே அழுதேன், எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ அம்மாவைக் கேலி செய்யவில்லை. வீட்டு ஆட்களைக் கொட்டையிலும் காயிலும் செய்து ஜன்னலில் வைப்பது அம்மா உன்னோடு செய்த வேலை. நாங்கள் ஐயரைக் கூப்பிட்டு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். அது நான் அறிந்த முறை, அதை நான் விடமாட்டேன். நீ அவளுடைய தொப்பியை எடுத்து, அவளுடைய பொட்டை வைத்து, அவள் செய்திருக்கக்கூடியதைச் செய்தாய். என்னைவிட உனக்கு அவளைத் தெரிந்திருக்கிறது. இந்த வரியை எழுதும்போது மாஸ்ரர் பேனையை வைத்துவிட்டு, "உண்மையாத்தான் சொல்லுறியளோ அண்ணை, அச்சிலை வரும்" என்று கேட்டார். "எழுதும்" என்றேன்.

ஒன்று கேட்கிறேன். இலைகள் இன்னும் ஒரு இரண்டு கிழமைக்குத்தான் நிற்கும், பிறகு மழை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்த கிழமை அல்ல, அதற்கடுத்த சனிக்கிழமை நான் ரயிலேறலாம் என்று இருக்கிறேன். அந்தப் பெட்டியைத் திறந்து ஜன்னலைத் திரும்பச் சோடி. தொப்பி போனது போனதுதான், அதற்கு நான் ஒன்றும் செய்ய ஏலாது. அவளுடைய சாம்பல் நிறச் சால்வை என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன், அம்மாவுக்குப் போர்த்தலாம். எனக்கு இந்த வேலை தெரியாது. மீரா சொன்னால் செய்வேன். சோறு மசிக்கச் சொன்னால் மசிப்பேன். அவள் என்னோடு கதைக்கமாட்டேன் என்றால் ஒரு மூலையில் இருந்து பார்த்துவிட்டு வருவேன். அவளிடம் நானே சொல்ல வேண்டும், இலையிலும் குற்றமில்லை, உன் அப்பனிலும் குற்றமில்லை என்று. உனக்குச் சொல்லாமல் விட்டது போல அவளுக்கும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆனால் நீ வரச் சொல்லாமல் வரமாட்டேன். "மருந்து போட்டனீங்களோ" என்று கேட்கிற அந்த ஃபோனில், "வாங்கோ" என்று ஒரு சொல் சொல். வர வேண்டாம் என்றால் அதையும் சொல், நான் கோபிக்கமாட்டேன். ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருக்காதே.

இன்னும் ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். அந்த ரீச்சர் போகும்போது கடைசியாக ஒரு படத்தை எடுத்தாள். சோடித்து முடித்த ஜன்னலுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்கிறீர்கள், எல்லார் கையிலும் இலை. பின்னால் யார் யார் என்று எழுத வேண்டுமாம், கிண்டர்கார்டன் சுவரில் மாட்டப் போகிறார்களாம். நான் ஆளைக் காட்ட, அவள் எழுதினாள். ஹில்டா, முதியோர் இல்லத்தில் இறந்துபோய்விட்டார் என்று அவளே சொல்லி, பெயருக்குப் பக்கத்தில் செத்தவர்களுக்கு இடுகிற ஒரு சின்னச் சிலுவை போட்டாள். சமையல்காரி இங்கிரிட், அம்மாவும் நானும் செத்த வீட்டுக்குப் போனோம், அவளுக்கும் ஒன்று. பைப் திருத்துகிற வெர்னர், அவனுக்கும் ஒன்று. அம்மாவின் பெயரை எழுதிவிட்டு, நாங்கள் சைவம் என்பதால் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "போடு பிள்ளை, அவ சண்டைக்கு வரமாட்டா" என்றேன். பிறகு நடுவில் நிற்கிற ஆளில் விரலை வைத்து, "இவர்? இவர் இருக்கிறாரா?" என்று கேட்டாள். இருக்கிறான் என்றேன். கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கிறான், இந்த வேலை தெரிந்தவர்களில் இனி அவன் ஒருவன்தான் என்றேன். பெயர் என்ன என்று கேட்டாள். வீட்டில் தம்பி என்றே கூப்பிட்டுப் பழகின வாய், கொஞ்சம் தடுமாறித்தான் உன் பெயரைச் சொன்னேன்:

சுதாகரன்.